கிள்ளான் புகைக்குத் திருப்பூர் முகமூடி

கோயம்புத்தூர் விமான நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன். நல்ல நீலம். மூன்று வாரமாக நீல வானத்தையே பார்க்காமல் இருந்தவனுக்கு அது சந்தோஷத்தைக் கொடுத்திருக்க வேண்டும். எனக்கோ, யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் பட்டது. பக்கத்தில் நின்ற டாக்சிக்காரரிடம், இங்கே வானம் எப்போதும் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டேன். அவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், "எப்படீங்க?" என்றார்.

என் சுபாவம் அப்படி. கிள்ளான் துறைமுகத்தில் முப்பது வருடம் சரக்குச் சரிபார்க்கும் குமாஸ்தாவாக இருந்தவன். பெட்டியின் மேல் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று என்று நம்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன், சந்தேகத்திலிருந்து ஓய்வு கிடைக்கவில்லை. என் மனைவி லெட்சுமி உப்பை வாங்கி வைத்தாலும் நான் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவில் கொட்டுவேன்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் மேற்குக் கரையில் இருக்கிறது எங்கள் கிள்ளான். வறண்ட மாதங்களில் கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் காடு எரியும். காட்டோடு அங்கே தரையும் எரியும். இலையும் வேரும் மக்கிச் சேர்ந்த சதுப்பு நிலம் அது. மேலே அணைந்தது போல இருக்கும், அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் அவ்வளவு புகையும் வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பத்திரிகையில் புகைமூட்டம் என்று போடுவார்கள். எதிர் வீட்டுக் கதவு தெரியாது. மத்தியானச் சூரியன் செம்பு நாணயம் மாதிரி தொங்கும், கண் கூசாமல் பார்க்கலாம். துவைத்துக் காயப்போட்ட வேட்டியில் கருகிய வாடை அடிக்கும்.

லெட்சுமிக்கு ஆஸ்துமா. போன மாதம் காலையில் கோயிலுக்கு நடந்து போனவள் திரும்பி வரும்போது வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பேச்சு வரவில்லை. கழுத்துக்குழி உள்ளே இழுத்து இழுத்து வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். புகையில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உண்டு, நுரையீரலின் அடி வரைக்கும் போய் அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கும், இருதயக்காரர்களுக்கும் ஆகாது என்று டாக்டர் விளக்கினார். முகமூடி போடவில்லையா என்று கேட்டார். போட்டிருந்தாள். முழு நேரமும் போட்டிருந்தாள்.

அந்த முகமூடி திருப்பூரில் தைத்தது. எங்கள் குடியிருப்பாளர் சங்கத்துக்கு நான் செயலாளர். புகைக்காலம் வருமுன் வீட்டுக்கு நாலு முகமூடி என்று ஏற்பாடு செய்தது நானே. லெட்சுமி மருந்துக் கடையில் வாங்கியிருந்த முகமூடி ஒன்றைக் கூரியரில் மாதிரியாக அனுப்பி, அதே போல வேண்டுமென்று எழுதினேன். முதல் தவணை வந்து வீடு வீடாகக் கொடுத்தாயிற்று. கழுவிக் கழுவிப் போடலாம், மூன்று அடுக்கு, கவலையே வேண்டாம் என்று வாட்ஸப் குழுவில் செய்தி போட்டதும் நான்தான்.

லெட்சுமி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என் மனசில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. மாதிரியில் காட்டியதை இவர்கள் தைக்கவில்லை. எங்கோ எதையோ குறைத்துவிட்டார்கள். சங்கத்துப் பொருளாளர் குணாவுக்கும் அதில் பங்கு இருக்குமோ என்றும் ஒரு நினைப்பு. திருப்பூர் கம்பெனியின் விலாசத்தைக் கொண்டுவந்து கொடுத்தவன் அவன். ஆகவே யாரிடமும் வாய் திறக்கவில்லை. ரெண்டாம் தவணையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் லெட்சுமியிடம் சொன்னேன். அவளிடம் விஷயத்தைச் சொன்னால் குணாவின் மனைவிக்குப் போகும். வெளியே போகாதே என்று மட்டும் நாலு தடவை சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

திருப்பூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எந்த ஊர், என்ன தொழில், எத்தனை பிள்ளைகள் என்று வரிசையாகக் கேட்டார். பினாங்கு, பனியன் வியாபாரம், இரண்டு பையன்கள் என்று வரிசையாகப் பொய் சொன்னேன். எனக்குப் பிள்ளைகளே கிடையாது. அவர் மகிழ்ந்துபோய், தன் மச்சான் ஒருவர் பனியன் கம்பெனி வைத்திருப்பதாகச் சொல்லி நம்பர் எழுதிக் கொடுத்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன், பயன்படுத்துவதாக இல்லை.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜ். பதிவுப் புத்தகத்தை நீட்டிய இளைஞர் "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா, காத்தாடி போடட்டுங்களா" என்றார். இந்த ஊரில் வாக்கியம் முடிவதற்குள் இரண்டு 'ங்க' வந்துவிடுகிறது. எங்கள் துறைமுகத்தில் ஒருவர் இவ்வளவு மரியாதையாகப் பேசினால் பெட்டியில் ஏதோ குறைகிறது என்று அர்த்தம். அறையில் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மெஸ்ஸில் அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சோறு போட்டார்கள். மேலே ஒரு கரண்டி நெய், பக்கத்தில் கத்தரிக்காய்ப் பொரியல். எங்கள் ஊரில் வாழை இலைச் சாப்பாடு என்றால் ஏழெட்டுக் கறி வரும். இது ஒரே ஒரு சோறு. ஏமாற்றுகிறார்களோ என்று முதல் கவளத்தை எடுத்தேன். அப்படியொரு ருசி. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பரிமாறிய அம்மாள் ஏன் இவ்வளவு தாராளமாக நெய் ஊற்றுகிறார் என்று மட்டும் கடைசி வரை புரியவில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் நடந்தேன். ஸ்கூட்டர்களின் பின்னால் ஆள் உயரத்துக்குத் துணி உருளைகளைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். டெய்லர் தேவை, செக்கிங் ஆட்கள் தேவை என்று சுவரெங்கும் தமிழிலும் இந்தியிலும் அட்டைகள். வெட்டி விழுந்த துணித் துண்டுகள் மூட்டை மூட்டையாக நடைபாதையில் கிடந்தன. ஒரு மூட்டையை விரலால் நிமிண்டிப் பார்த்தேன். எங்கள் முகமூடியின் துணி போலவே இருந்தது. பிறகு பார்த்தால் எல்லா மூட்டையும் அது போலவே இருந்தது.

இரண்டாம் நாள் காலை கம்பெனிக்குப் புறப்பட்டேன். கம்பெனி இருப்பது நெருப்பெரிச்சலில். காட்டுத் தீயின் புகைக்கு முகமூடி வாங்க இப்படி ஒரு பெயருள்ள ஊரையா பிடித்தோம் என்று விலாசத்தைப் பார்த்த அன்றே எனக்குச் சுருக்கென்றது. பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நான் விழிப்பதையும் கையிலிருந்த விலாசத்தையும் பார்த்துவிட்டு, நெருப்பெரிச்சலுக்கா, அந்தப் பக்கம் நின்றால்தான் பஸ் வரும் என்று தானாகவே சொன்னார். கேட்காமல் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. சாப்பாட்டுக் கேரியரோடு கும்பலாக ஒரு பஸ்ஸில் ஏறினார்கள். கம்பெனி ஆட்கள் இவர்கள்தான் என்று நானே முடிவுகட்டி அவர்களோடு ஏறினேன்.

கண்டக்டர் எங்கே என்று கேட்டார். போகுமிடத்தைச் சொன்னால் எவர் காதிலாவது விழும் என்று, கடைசி நிறுத்தம் என்றேன். "தாராபுரமுங்களா?" என்றார். தெரிந்தவன் மாதிரித் தலையாட்டினேன். கேரியர்க்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போய்விட்டார்கள். கட்டடங்கள் குறைந்தன, காற்றாலைகள் வந்தன, ஆட்டுப்பட்டிகள் வந்தன. ஒரு மணி நேரம் கழித்துத்தான் மெல்லக் கண்டக்டரைக் கூப்பிட்டு நெருப்பெரிச்சல் எப்போது வரும் என்றேன்.

அவர் விசில் ஊதி வண்டியை நிறுத்தினார். "ஏனுங்க, அது ஊருக்கு வடக்கீங்க. நீங்க தெக்கால இம்புட்டுத் தூரம் வந்துட்டீங்களே. இது குண்டடமுங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தா அங்கயே சொல்லியிருப்பனுங்க."

திருப்பூர் பஸ்ஸுக்காகச் சாலையோரம் நின்றேன். எதிரே தோட்டத்தில் ஒருவர் வேலியோரம் வெட்டிப் போட்ட சீமைக் கருவேல முள்ளைக் குவித்துக் கொளுத்தியிருந்தார். காற்று சட்டென்று என் பக்கம் திரும்பியது. சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று பையிலிருந்து முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு புகைக்கு நேராகப் போய் நின்றேன். புகை முகமூடி என்று ஒன்று இருப்பதையே கண்டுகொள்ளவில்லை. நேராகத் தொண்டைக்குள் இறங்கியது. கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டே, மாட்டிக்கொண்டீர்கள் என்று மனசுக்குள் கம்பெனிக்காரர்களைப் பார்த்துச் சொன்னேன்.

தோட்டக்காரர் ஓடிவந்து என் தோளைப் பிடித்து மறுபக்கம் நகர்த்தினார். சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். முகமூடியைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்து, நல்ல துணி, சாயம் போகாது என்று பாராட்டினார். பிறகு திருப்பிக் கொடுத்துக்கொண்டே கேட்டார். "பனியன் துணியில பொகை நிக்குமுங்களா?"

சாயங்காலம் லாட்ஜிலிருந்து லெட்சுமியைக் கூப்பிட்டேன். குரல் கம்மியிருந்தது. புகை இன்னும் மோசமாம். நாளைக்குத் தமிழ்ப்பள்ளி விடும் நேரத்தில் குணா வாசலில் நின்று மிச்சமிருக்கும் முகமூடிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறானாம். அவனுக்கு நல்ல மனசு என்றாள். மிச்சச் சரக்கை அவசரமாகக் கைமாற்றிவிடுகிறான், நான் திரும்புவதற்குள் தடயம் இருக்காது என்று நான் கணக்குப் போட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். உள்ளேயே இரு, ஜன்னலைத் திறக்காதே என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பூக்காரப் பெண்மணி காட்டிய இடத்தில் நின்றேன். கால் மணி நேரத்தில் நெருப்பெரிச்சலில் இறங்கினேன்.

கம்பெனி வாசலில் காவலாளி பெயரும் ஊரும் கேட்டு ஒரு சீட்டில் எழுதினார். ராமையா, பினாங்கு என்றேன். கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். முதலாளி சிவசாமிக்கு ஐம்பது வயதிருக்கும். குண்டடம் பக்கம் விவசாயம் செய்த குடும்பம், மழை ஏமாற்றியதும் இந்தத் தொழிலுக்கு வந்ததாக அவரே சொன்னார். இளநீர் வந்தது, முறுக்கு வந்தது. எனக்கு என்ன சரக்கு வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. முதலில் சுற்றிப் பாருங்கள் என்றார். இவ்வளவு தைரியமாகக் காட்டுகிறவர் எதை எங்கே ஒளித்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே எழுந்தேன்.

சுற்றிக் காட்ட வந்தவர் ஜெபக்கனி. செக்கிங் பகுதிக்குச் சூப்பர்வைசர். சாத்தான்குளத்துக்காரர், பிழைப்புக்காகக் கல்யாணமான புதிதில் இங்கே வந்தவர். வீட்டுக்காரர் நூற்பாலையில் இருந்து இருந்து நெஞ்சில் பஞ்சுத் தூசி அடைத்து இப்போது வீட்டோடு இருக்கிறாராம். அதைத் துக்கமாகச் சொல்லவில்லை, விலாசம் சொல்வது போலச் சொன்னார். என் வாசல் சீட்டு அவர் கையில் இருந்தது. சுற்றி முடித்ததும் அவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

நீளக் கூடம். இருபுறமும் மிஷின்கள் இரைந்தன. நடுவில் குழல்விளக்குக்குக் கீழே மேஜை போட்டு ஏழெட்டுப் பெண்கள் துணியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேஜையின் ஒரு முனையில் எங்கள் முகமூடி. அட்டைப்பெட்டியில் எங்கள் சங்கத்தின் பெயர். ஜெபக்கனி யாரிடமோ பேசத் திரும்பிய சமயம் ஒன்றை எடுத்து நானும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். மூன்று அடுக்கும் இருந்தன. ஒரு பிசிறு இல்லை.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த வடக்கத்தி இளைஞர் என்னைப் பார்த்து இந்தியில் ஏதோ சொன்னார். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். திருட்டுப் பார்வையைக் கண்டுபிடித்துவிட்டான் என்று எனக்குக் காது சூடாகிவிட்டது. என்ன சொல்கிறான் என்று ஜெபக்கனியைக் கேட்டேன். பெரியவர் மூச்சு விடுகிற சத்தம் சரியில்லை, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள் என்கிறானாம். நேற்றைய முள்ளுப் புகை இன்னும் என் நெஞ்சில் இருந்தது. முக்காலி ஒன்று வந்தது. உட்கார்ந்தேன்.

நான் தண்ணீர் குடித்து முடித்ததும் ஜெபக்கனி டம்ளரை வாங்கி வைத்தார். பிறகு வாசல் சீட்டை என் முன்னால் வைத்தார்.

"கிள்ளான் அண்ணாச்சிதான நீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அலமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். உள்ளே ஒரு முகமூடி. நான் அனுப்பிய மாதிரியைப் பார்த்து இவர்கள் முதலில் தைத்தனுப்பியது. நான் பார்த்து, சரி என்று அட்டையில் எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பியது. இங்கே அதற்கு முத்திரை மாதிரி என்று பெயர். ஒவ்வொரு கட்டையும் அதோடு ஒப்பிட்டுத்தான் அனுப்புவார்களாம். அதில் இருப்பது எல்லாச் சரக்கிலும் இருக்க வேண்டும், அதில் இல்லாதது ஒன்றிலும் இருக்கக் கூடாது. நாள் முழுக்க என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறவருக்கு வாசல் சீட்டில் ராமையா என்று எழுதினால் மட்டும் தெரியாமல் போகுமா. பெயரை மாற்றிக்கொண்டவனுக்குக் கையெழுத்தை மாற்றத் தோன்றவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. லெட்சுமி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னேன். நேற்று நானே புகையில் போட்டுப் பார்த்ததைச் சொன்னேன். என்னத்தைக் குறைத்தீர்கள் என்று கேட்டேன். மிஷின்கள் சில நின்றன. சிவசாமி உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றார்.

ஜெபக்கனி முத்திரை மாதிரியைப் புரட்டினார். உட்பக்கத்து அடுக்கில் ஒரு சிறு திறப்பு, இரண்டு விரல் நுழைகிற அளவு. அதற்குள் விரலை விட்டுக் காட்டினார்.

"இது எதுக்குன்னு நெனச்சிய அண்ணாச்சி? கொரோனா நேரத்துல நாங்க லட்சம் பீஸ் தச்சிருக்கோம். இதுக்குள்ள ஒரு ஃபில்டர் தாள் வைக்கணும். துணி பஞ்சத் தடுக்கும், பஞ்சு பெருசு. பொகையத் தடுக்காது. நீங்க அனுப்புன மாதிரியில பை இருக்கு, தாள் இல்ல. எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. கேட்டோம்லா."

உறையின் பின்னால் ஒரு காகிதம் பின் அடித்திருந்தது. மின்னஞ்சலின் நகல். உட்பையில் வைக்க ஃபில்டர் ஏதும் சேர்க்க வேண்டுமா என்று கம்பெனியிலிருந்து கேட்டிருந்தார்கள். கீழே என் பதில்: "மாதிரியில் இருப்பது போலவே தைக்கவும். எதையும் சேர்க்க வேண்டாம், எதையும் குறைக்க வேண்டாம்."

எழுதியது ஞாபகம் வந்தது. இல்லாத ஒன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று நினைத்து எழுதினேன். அந்த வரியை எழுதிவிட்டு லெட்சுமியைக் கூப்பிட்டுப் படித்துக்கூடக் காட்டினேன், அவ்வளவு பெருமை.

பிறகு மற்றதும் ஞாபகம் வந்தது. கூரியருக்குக் கொடுப்பதற்கு முதல் நாள், லெட்சுமி போட்டிருந்த முகமூடியை அழுக்காக வெளிநாட்டுக்கு அனுப்புவதா என்று நான் துவைக்க எடுத்தேன். உள்ளே ஒரு தாள் இருந்தது, சாம்பல் பிடித்துக் கறுத்து. துவைத்தால் கிழிந்துவிடும் என்று உருவிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். முந்தின புகைக்காலத்தில் என் மனைவியின் நெஞ்சுக்குள் போகாமல் நின்ற கரி அவ்வளவும் அந்தத் தாளில்தான் இருந்தது. அதை எறிந்துவிட்டு, வெறும் துணியை இஸ்திரி போட்டு அனுப்பியிருக்கிறேன்.

அவமானமாக இருந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற லெட்சுமியின் கழுத்துக்குழி கண்ணிலேயே நின்றது.

சிவசாமி என்னைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜெபக்கனியும் உறையோடு வந்தார். தாள் போட்டுத் தைத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். சிவசாமி உடனே ஆமாம் என்று சொல்லியிருந்தால் எனக்குப் பழைய குணம் திரும்பியிருக்கும். "பாதிக்குப் பாதியாச்சும் நிக்குமுங்க. ஆனா கன்னத்தோரம் இடைவெளி இருக்குதுங்கள்ல, அதுல போயிருமுங்க. லேப்ல டெஸ்ட் பண்ணாம நான் கேரண்டி குடுக்க மாட்டனுங்க. அம்மாவுக்கு மூச்சுக் கோளாறுன்னா, மொகத்தோட ஒட்டி நிக்கற கெட்டி மாஸ்க்கு மருந்துக்கடையில இருக்குதுங்க, அதை வாங்கிக் குடுங்க" என்றார். தன் சரக்கை வாங்காதே என்று சொல்லும் முதலாளியை நான் முப்பது வருடத்தில் பார்த்ததில்லை.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க சங்கத்துல உங்களுக்குச் சங்கடம் வேண்டாமுங்க. எங்க பக்கம் மிஸ்டேக், ஃபில்டர் வெக்க உட்டுப்போச்சுன்னு லெட்டர்பேட்ல எழுதிக் குடுத்தர்றனுங்க. கஸ்டமர் தலை குனியறது எனக்கு நல்லா இல்லீங்க."

இதில் என்ன சூது என்று தேடினேன். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. உள்ளபடி சொல்கிறேன், வாங்கிக்கொள்ளத்தான் மனசு போனது. குணாவின் முன்னால், குழுவில் இருக்கும் அத்தனை வீட்டுக்காரர்கள் முன்னால், தலை நிமிர்ந்து போய் இறங்கலாம். லெட்சுமிகூட என்னைப் பாவம் என்பாள். அப்போது ஜெபக்கனி உறையை மேஜைமேல் வைத்து, பின் அடித்த காகிதத்தை மெல்ல உருவத் தொடங்கினார். முதலாளி அப்படி எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதம் இனி கோப்பில் இருக்கக் கூடாது. கம்பெனியில் தவறு என்றால் அது செக்கிங் மேஜையின் தவறு. செக்கிங் மேஜை என்றால் அவர். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஊசியை மட்டும் நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தார்.

அதை அப்படியே வைக்கச் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்தேன். இங்கே பத்தே கால். எங்கள் ஊர் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பள்ளி விட முக்கால் மணிதான் இருந்தது.

லெட்சுமி உடனே எடுத்தாள். எடுத்ததும் இருமினாள். முகமூடியை எங்கே போட்டாய், எப்போது போட்டாய் என்று தாறுமாறாகக் கேட்டேன்.

நேற்றுக் காலை குணாவின் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டதாம். வீட்டில் வேறு யாரும் இல்லை. இவள்தான் கைத்தாங்கலாகக் கிளினிக்குக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். சாயங்காலம் என்னிடம் சொன்னால் கத்துவேன் என்று சொல்லவில்லையாம்.

"நானும் ஒண்ணு போட்டுக்கிட்டேன், அவங்களுக்கும் ஒண்ணு மாட்டிவிட்டேன். ஏங்க?"

சொன்னேன். தாளை உருவி எறிந்ததை, அவர்கள் கேட்டு எழுதியதை, நான் எழுதிய பதிலை, எல்லாவற்றையும் ஜெபக்கனியும் சிவசாமியும் கேட்கிற மாதிரியே சொன்னேன். அது வெறும் பனியன் துணி, புகைக்கு ஆகாது, தப்பு முழுக்க என்னுடையது என்றேன். மறுமுனையில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஆஸ்துமாவின் மெல்லிய விசில்.

"கெளம்பும்போதே உங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சா?"

"இருந்தது."

"என்கிட்ட சொல்லலை."

அவள் கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான் சொன்னதை எழுதி வைத்துக்கொள்கிறவள் போலச் சொன்னாள். குணாவுக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம், நீங்கள் பேசினால் அவன் வாதம் பண்ணுவான், நேரம் போய்விடும், வீட்டுப் போனில் நான் கூப்பிடுகிறேன், நீங்கள் அப்படியே இருங்கள் என்றாள். கைப்பேசியை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. எண்களை அழுத்தும் சத்தம் கேட்டது. சிவசாமி மின்விசிறியை நிறுத்தினார், எனக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று.

"குணா, எங்க நிக்கிறே? குடுக்க ஆரம்பிச்சிட்டியா? நிறுத்து. யாருக்கும் குடுக்காதே, அம்மா மூஞ்சியில இருக்கிறதையும் எடுக்கச் சொல்லு. அது புகைக்கு ஆகாதாம்." இருமல் வந்து தடுத்தது. அடங்கும்வரை காத்திருந்து அவள் தொடர்ந்தாள். "இல்லப்பா, கம்பெனி மேல ஒண்ணும் இல்ல. தப்பு எங்க ரெண்டு பேரோடது."